இரவு ஒரு மணிக்கு மேல்: 78 நிமிட புரோகிரசிவ் ஹவுஸ் மிக்ஸ் ஒன்றும் அதன் திருத்தங்களும்

8 பிப்ரவரி 2025, சனி, இரவு 10.40

பல டிராக்குகளை இடைவெளியின்றி ஒன்றோடொன்று கலந்து நான் பதிவு செய்து, வியாழனன்று பகிர்ந்த மிக்ஸைக் கேட்ட வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "உச்ச நேர மிக்ஸ் என்று பெயரிட்டிருக்கிறீர்கள். ஆனால் முதல் இருபது நிமிடமும் 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 தட்டு) வேகத்திலேயே நகர்கிறது. 40ஆவது நிமிடத்துக்கு முன்பு பெரிய டிராப் (தாளம் முழு வீச்சோடு வந்து விழும் இடம்) எதுவும் இல்லை. உச்ச நேரம் என்றால் முதல் நிமிடமே உச்சத்தில் இருக்க வேண்டாமா? இதை வார்ம்-அப் (கூட்டத்தைத் தயார்ப்படுத்தும் தொடக்க வாசிப்பு) என்று அழைப்பதுதான் நேர்மை."

இதை நான் ஏற்கவில்லை. கிளப்பில் உச்ச நேரம் என்பது ஏறக்குறைய நள்ளிரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரையிலான பொழுது. அந்தச் சொல் கடிகாரத்தைச் சேர்ந்தது. வேகத்தைச் சேர்ந்தது அன்று. அந்த நேரத்தில் ஆடுதளத்தில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரமாக ஆடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களை உலுக்கி எழுப்ப வேண்டிய தேவை இல்லை. டிரான்ஸ், கடும் டெக்னோ போன்ற வேகமான நடன இசை வகைகள் அந்த நேரத்தில் 135ஐத் தாண்டி ஓடலாம். புரோகிரசிவ் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையோ பெரும்பாலும் 120க்கும் 128க்கும் இடையிலேயே நின்று, வேகத்தால் செய்ய முடியாததை அடுக்குகளால் செய்கிறது. என் மிக்ஸில் 12 டிராக்குகள் உள்ளன. டிராக்குகளை ஓடவிடும் இரண்டு சிடிஜே கருவிகள், அவற்றைக் கலக்கும் ஒரு மிக்ஸர், ஒரே அமர்வு; பின்னர் கணினியில் எதையும் வெட்டி ஒட்டவில்லை.

டிராக் பட்டியலை இப்போது தரப்போவதில்லை. அவற்றில் இரண்டு இன்னும் வெளியாகாதவை. செய்தவர்கள் என்னை நம்பி அனுப்பியவை. மற்றவற்றைப் பெயர் தெரியாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

8 பிப்ரவரி, இரவு 11.55

விட்டுப்போன ஒன்று: கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். இந்த இசையின் பாதி அதில் வந்து சேராது.

9 பிப்ரவரி, ஞாயிறு, காலை 9.15

'புரோகிரசிவ்' என்ற அடைமொழியின் பொருளை இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரை 1992இல் பிரிட்டனின் மிக்ஸ்மேக் இதழில் எழுதி நிலைக்கச் செய்தவர் டொம் ஃபிலிப்ஸ் என்ற பத்திரிகையாளர். அமெரிக்க ஹவுஸ் இசையின் நான்கு தட்டு அடித்தளத்தை வைத்துக்கொண்டு, டப் இசையின் எதிரொலியையும் நீண்ட மெல்லிசை வளர்ச்சியையும் அதன்மேல் ஏற்றிய பிரிட்டிஷ் இசைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கெரில்லா ரெகார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டவையும் லெஃப்ட்ஃபீல்ட் என்ற இருவர் குழு செய்தவையும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். அதே 1992இல் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்ட் என்ற சிறிய ஊரில் ரெனசான்ஸ் கிளப் தொடங்கியது. அங்கே வாசித்த டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் 1994இல் அந்தக் கிளப்பின் பெயரிலேயே மூன்று சிடி கொண்ட மிக்ஸ் ஒன்றை வெளியிட்டார்கள். மிக்ஸ் என்பது பாடல்களின் வரிசை அன்று, முதலும் நடுவும் முடிவும் கொண்ட ஒரே நீண்ட உருப்படி என்று எனக்குப் புரியவைத்தது அதுதான்.

டொம் ஃபிலிப்ஸ் பிற்காலத்தில் பிரேசிலில் குடியேறி அமேசான் காடுகளைப் பற்றி எழுதினார். 2022 ஜூனில் ஜவாரி பள்ளத்தாக்குப் பகுதியில், பழங்குடி மக்களுக்காக உழைத்த புரூனோ பெரெய்ராவுடன் சேர்த்துக் கொல்லப்பட்டார். செய்தியில் படித்த பெயரும், என் இளமை முழுவதும் நான் கேட்ட இசைக்குப் பெயர் வைத்தவரின் பெயரும் ஒருவருடையதே என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் என்னால் எந்த இசையையும் வாசிக்க முடியவில்லை.

10 பிப்ரவரி, திங்கள், இரவு 8.30

வேகத்தைப் பற்றி ஒரு திருத்தம். முதல் குறிப்பில், மிக்ஸ் முழுவதும் ஒரே வேகத்தில் செல்வது போன்ற எண்ணத்தை நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன். பதிவை அளந்து பார்த்தேன். 122இல் தொடங்கி, 31ஆவது நிமிடத்தில் 123 ஆகி, 44ஆவது நிமிடத்திலிருந்து சிறிது சிறிதாக ஏறி, 52ஆவது நிமிடத்தில் 125ஐ அடைகிறது. அதன்பின் இறுதிவரை மாறவில்லை. வேகத்தை மாற்றும் ஃபேடரை நான் ஏற்றியது உண்மைதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடங்களுக்குப் பரப்பி மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். கேட்பவரின் உடல் உணர வேண்டும், காது உணரக் கூடாது.

கர்நாடக இசையில் காலப்பிரமாணத்தைக் காப்பது என்பார்கள்; எடுத்த வேகத்தை விடாமல் பிடித்து நிற்பது அங்கே ஒரு நற்பண்பு. டிஜேயும் அதைத்தான் காக்கிறார், ஆனால் வேண்டுமென்றே சிறிது நகர்த்துகிறார். வேகம் கூடினால் சுருதியும் கூடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வினைல் தட்டில் 6 விழுக்காடு வேகத்தை ஏற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; ஒரு கட்டையில் இருந்த டிராக் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடும். இன்றைய கருவிகளில் மாஸ்டர் டெம்போ என்ற பொத்தானை அழுத்தினால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் மாறும். நான் அதை அழுத்தவில்லை. 122இலிருந்து 125க்கான ஏற்றம் இரண்டரை விழுக்காடுகூட இல்லை; சுருதி நகர்வது அரைக் கட்டையில் பாதிக்கும் குறைவு. அந்தப் பொத்தானை அழுத்தினால் கிக்கின் (அடித்தாளமான பெரிய டிரம் ஒலியின்) முனை மழுங்குவதாக என் காதுக்குப் படுகிறது. அதைவிட இந்தச் சிறிய சுருதி ஏற்றம் மேல் என்று முடிவு செய்தேன்.

12 பிப்ரவரி, புதன், இரவு 9.50

41ஆவது நிமிடத்தில் ஏதோ உறுத்துகிறது என்று எழுதிய நண்பருக்கு: உங்கள் காது சரி, என் காது தவறிவிட்டது. இரண்டு நாட்களாக அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கே ஆறாவது டிராக்கிலிருந்து ஏழாவதற்கு 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) நீளத்துக்கு ஒரு கலப்பு நடக்கிறது. 123 வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். டிராக்குகளின் சுருதியைக் கண்டறியும் மென்பொருள், வெளியேறும் டிராக்கை ஏ மைனர் என்றும், உள்ளே வருவதை டி மைனர் என்றும் குறித்திருந்தது. எந்தச் சுருதிகள் ஒன்றோடொன்று சேரும் என்று டிஜேக்களுக்குக் காட்டும் கேமலாட் சக்கரத்தில் இவை 8ஏ, 7ஏ என அடுத்தடுத்த வீடுகள். அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே ஒரு ஸ்வரம்தான் மாறும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கலக்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. நானும் அப்படித்தான் கலந்தேன்.

கீபோர்டை எடுத்து வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடியபோதுதான் காரணம் தெரிந்தது. வெளியேறும் டிராக்கில் பேட் என்னும் நீண்டு பரவும் பின்னணி ஒலியில் எஃப் ஷார்ப் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், ஏ என்பதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், நான் நடபைரவி என்று நினைத்திருந்தது உண்மையில் கரஹரப்பிரியா. இரண்டுக்கும் தைவதம் ஒன்றுதான் வேறு. அங்கே சுத்த தைவதம், இங்கே சதுச்ருதி தைவதம். உள்ளே வரும் டிராக்கில் இருப்பதோ சாதாரண எஃப். எனவே மாற வேண்டிய ஒரு ஸ்வரத்துக்குப் பதிலாக இரண்டு மாறுகின்றன. அதிலும் தைவதங்கள் இரண்டும் நீண்ட ஒலிகளாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்து ஒரு நிமிடம் உரசுகின்றன. நண்பர் 'உறுத்தல்' என்று எழுதியது மிகச் சரியான சொல்.

பதிவு செய்தபோது நான் இதைக் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். அப்போது அதை ஓர் இனிய இறுக்கமாக எடுத்துக்கொண்டேன். இறுக்கம் என்றால் அது எங்காவது போய் அவிழ வேண்டும். இது எங்கும் அவிழாமல் பேட் ஒலியோடு சேர்ந்து மங்கி மறைகிறது.

12 பிப்ரவரி, இரவு 11.10

மேலே எழுதியதை ஒருவர் "மென்பொருள் பிழை" என்று சுருக்கியிருக்கிறார். அது நியாயமில்லை. அந்தச் சக்கரத்தில் மேஜருக்கு 12, மைனருக்கு 12 என 24 வீடுகள்தான் உள்ளன. கரஹரப்பிரியாவுக்கென்று தனி வீடு கிடையாது. ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுக் காதைத் தளர்த்திக்கொண்டது என் தவறு.

15 பிப்ரவரி, சனி, பிற்பகல் 3.20

58ஆவது நிமிடத்தில் தொடங்கும் பிரேக்டவுன் (தாளம் நின்று மற்ற ஒலிகள் மட்டும் ஓடும் பகுதி) மிக நீளம் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் அந்த இடத்தைத் தள்ளிவிட்டு மேலே கேட்டதாகவும் சொல்கிறார். 64 பார், 125 வேகத்தில் இரண்டு நிமிடமும் மூன்று விநாடியும். அவ்வளவு நேரம் கிக் இல்லை. நேற்று மாலை நடந்துகொண்டே ஹெட்போனில் கேட்டபோது எனக்கும் அது வெறுமையாகப்பட்டது. ஒன்பதாவது டிராக்கின் அந்தப் பகுதியைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு, இரவு 7.05

23ஆவது நிமிடத்தில் கிக் சப்பென்று ஒலிக்கிறது என்ற குறைக்குப் பதில்: மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது, நான் கவனிக்கவில்லை. இரண்டு கிக்குகள் ஒரே கணத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது ஒலியளவு 6 டெசிபெல் வரை கூடலாம். பதிவுக் கருவி தாங்கும் எல்லையை அது தாண்டியதும் அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. உள்ளே வரும் டிராக்கின் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலிகளைக் கட்டுப்படுத்தும் குமிழை) முழுவதுமாக மூடி வைத்து, மாற்றும் தாளத் தட்டில் ஒன்றை மூடி மற்றதைத் திறப்பதே முறை. நான் பாதி திறந்தபடி விட்டிருந்தேன். விளக்கம் அவ்வளவுதான், திருத்திவிடலாம்.

18 பிப்ரவரி, செவ்வாய், இரவு 10.30

சனிக்கிழமை ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று நண்பர் ஒருவர் வீட்டில், சப்வூஃபர் இணைத்த நல்ல ஸ்பீக்கர்களில், அண்டை வீட்டாரின் அனுமதியோடு கொஞ்சம் உரக்க வைத்து 50ஆவது நிமிடத்திலிருந்து கேட்டோம். 58ஆவது நிமிடத்தில் கிக் நின்றதும் அறை வெறுமையாகவில்லை. அடியில் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸில் ஒற்றை நீண்ட ஒலியாக நின்று, முதுகில் கை வைத்தது போல் நம்மைத் தாங்குகிறது. அதன்மேல்தான் அர்பெஜியோ (ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை) மெல்லத் திறக்கிறது. முதல் நிமிடத்தின் முடிவில் அந்த அடி ஒலி சத்தமில்லாமல் விலக, இரண்டாம் நிமிடம் முழுவதும் நாம் தாங்கலின்றி மிதக்கிறோம். கிக் திரும்பி வரும்போது அந்த ஜியும் கூடவே வருகிறது. நண்பர் எதுவும் பேசாமல் எழுந்து நின்றுவிட்டார்.

ஹெட்போனில் எனக்கு ஏன் அது வெறுமையாகத் தோன்றியது என்பதற்கும் காரணம் உண்டு. ஒலியளவு குறையும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை நடு ஒலிகளைவிட வேகமாக இழந்துவிடுகிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். தெருவில் குறைந்த ஒலியில் நடந்தபடி கேட்ட எனக்கு அந்த 49 ஹெர்ட்ஸ் இல்லாமலே போய்விட்டது. இல்லாத ஒன்று விலகியதை எப்படி உணர முடியும்? அந்த இரண்டு நிமிடங்களின் கதையே அதுதான்.

ஆகவே பிரேக்டவுனைக் குறைக்க மாட்டேன். ஆயினும், தள்ளிவிட்டுக் கேட்டவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர் கேட்ட கருவியில் அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை.

19 பிப்ரவரி, புதன், இரவு 11.40

வார்ம்-அப் என்ற சொல் இங்கே வசைபோல் பயன்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. 2006இல் லண்டனில் மாணவனாக இருந்தபோது ஃபேப்ரிக் கிளப்பின் முதல் அறையில் நின்ற ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அறையின் தரை, தாழ்ந்த ஒலிகளை நேராகப் பாதங்களுக்குள் அனுப்பும்படி அமைக்கப்பட்டது. நான் பதினொரு மணிக்கே போய்விட்டேன். முதலில் வாசித்தவர் எனக்குப் பெயர் தெரியாத ஒருவர். இரண்டு மணி நேரம் ஒரு பாட்டைக்கூட அதன் உச்சம்வரை விடவில்லை. ஒவ்வொன்றும் திறக்கப்போகும் கணத்தில் அடுத்ததைக் கொண்டுவந்தார். ஒரு மணிக்கு அடுத்தவர் மேடையேறியபோது அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே தவிப்பு. முதல் பெரிய கிக் விழுந்ததும் தரை அதிர்ந்தது கருவியாலா மனிதர்களாலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த உச்சத்தில் பாதி, இறங்கிப் போய்விட்ட அந்த முதல் மனிதருக்குச் சொந்தமானது.

புவனோஸ் ஐரிஸின் டிஜே ஹெர்னான் கத்தானியோ இன்றும் இரவு முழுவதும் தானே வாசிக்க விரும்புவதும், நியூயார்க்கின் ட்வைலோ கிளப்பில் 2001இல் அது மூடப்படும் வரை சாஷாவும் டிக்வீடும் மாதம் ஒருமுறை விடிய விடிய வாசித்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தனக்கு வேண்டிய உச்சத்தைத் தானே முதல் மணியிலிருந்து சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

22 பிப்ரவரி, சனி, காலை 10.00

இளைய வாசகர் ஒருவர், புரோகிரசிவ் ஹவுஸ் என்று தேடி வந்தால் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாடல்கள்தான் வரும் என்று எதிர்பார்த்ததாக எழுதியிருக்கிறார். அது அவர் குற்றமன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியா, அவிச்சி போன்றோர் பெருந்திடல்களுக்காகச் செய்த இசைக்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள். அதில் ஏற்றமும் வெடிப்பும் மூன்றரை நிமிடத்தில் முடியும்; இதில் ஒரு டிராக் ஏழெட்டு நிமிடம் நீளும், ஏனெனில் அது தனியாகக் கேட்கச் செய்யப்பட்டதன்று, முன்னும் பின்னும் இன்னொன்றோடு பிணைக்கச் செய்யப்பட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் ஒரு நிமிடம் ஓடுவது டிஜே கை வைப்பதற்கான இடம். டிஜேக்கள் டிராக் வாங்கும் பீட்போர்ட் என்ற இணையக் கடையில் டெக்னோவுக்குள் 'பீக் டைம்' (உச்ச நேரம்) என்றே ஒரு பிரிவு இருப்பதால், அந்தச் சொல்லும் இப்போது கடிகாரத்தை விட்டு ஒலியின் பெயராகிவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடித்ததும் முதல் நாள் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு, இரவு 9.25

முதல் வாசகருக்கு நான் தந்த பதில் அரைகுறையானது. உச்ச நேரம் கடிகாரத்தைச் சேர்ந்தது என்றேன். கிளப்பைப் பொறுத்தவரை அது இன்னும் சரி. பதிவு செய்யப்பட்ட மிக்ஸுக்கோ கடிகாரம் கிடையாது. ஒருவர் அதைக் காலை எட்டு மணிக்கு ரயிலில் ஏறியதும் தொடங்குகிறார். அவருக்கு முன்பு இரண்டு மணி நேரம் யாரும் வாசிக்கவில்லை. அவரிடம் தவிப்பு எதுவும் சேர்ந்திருக்கவில்லை. ஃபேப்ரிக்கில் அந்த முதல் மனிதர் செய்த வேலையைச் செய்ய இங்கே ஆள் இல்லை. அதை நானே செய்தாக வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரத்தில் அன்று, கால் மணி நேரத்தில்.

இந்தக் கண்ணோடு தொடக்கத்தைக் கேட்டேன். முதல் டிராக் அழகானது; நான் மிகவும் விரும்புவது; அதனால்தான் முதலில் வைத்தேன். ஆனால் அது எதையும் கேட்பவரிடமிருந்து மறைத்து வைக்கவில்லை. மூன்றாம் நிமிடத்திலேயே தன் மெல்லிசை முழுவதையும் கொடுத்துவிட்டு, மீதி நேரம் அதையே திரும்பச் சொல்கிறது. இரண்டாவது டிராக்கோ பேஸ் என்னும் அடி ஒலியின் இரண்டு ஸ்வரங்களை மட்டும் காட்டி, மூன்றாவது ஸ்வரத்துக்கு நம்மை நான்கு நிமிடம் காக்க வைக்கிறது. மிக்ஸ் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

வேகம் குறைவு என்று அவர் சொன்ன காரணத்தை இன்றும் நான் ஏற்கவில்லை. ஆனால் முதல் ஆறு நிமிடங்களில் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதைத்தான் அவர் அப்படி உணர்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

1 மார்ச், சனி, இரவு 11.30

புதிய பதிவை ஏற்றியிருக்கிறேன். முதல் டிராக்கை நீக்கிவிட்டேன்; 11 டிராக்குகள், 72 நிமிடம். இம்முறையும் ஒரே அமர்வு. ஆனால் மூன்றாவது முயற்சியில்தான் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்தது. முதல் முயற்சியில் ஃபேடரை அவசரப்பட்டு ஏற்றிவிட்டேன். இரண்டாவதில் பாதி வழியில் மின்சாரம் போய்விட்டது.

பழைய 41ஆவது நிமிடம் இப்போது 35 ஆகியிருக்கிறது. வெளியேறும் டிராக்கின் பேட் முழுவதும் அடங்கி, தாளம் மட்டும் எஞ்சும் வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்ததைத் திறந்தேன். கலப்பு 32 பாரிலிருந்து 16 ஆகச் சுருங்கியது. நீளமான கலப்பே நல்ல கலப்பு என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்ததால் இதற்கு மனம் எளிதில் ஒப்பவில்லை, கேட்டபின் ஒப்பியது. லோ ஈக்யூவை எல்லா இடத்திலும் முழுவதுமாக மூடி மாற்றினேன். சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

60ஆவது நிமிடத்தை ஒட்டி நான்கு பார் நீளத்துக்கு இரண்டு டிராக்குகளின் ஹை-ஹாட்டுகளும் (தாளத் தகட்டு ஒலிகளும்) மயிரிழை விலகிக் குதிரை ஓட்டம் போல் கேட்கும். டிராக்கைச் சிறிது தள்ளித் தாளம் சேர்க்கும் ஜாக் வீலைத் தொடுவதில் ஒரு கணம் தாமதித்துவிட்டேன். கணினியில் திருத்தினால் ஒரே அமர்வு என்று சொன்ன சொல் பொய்யாகும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

2 மார்ச், ஞாயிறு, காலை 8.10

இரண்டு நிமிடப் பிரேக்டவுன் இப்போது 52ஆவது நிமிடத்தில் தொடங்குகிறது. ஒரு பாரைக்கூடக் குறைக்கவில்லை. சப்வூஃபர் உள்ளவர்கள் அதைக் கேட்டுவிட்டு, முதல் நிமிடத்தின் முடிவில் அந்த ஜி விலகுவது உங்கள் அறையில் தெரிகிறதா என்று எழுதுங்கள். முன்பு தள்ளிவிட்டுக் கேட்ட நண்பரின் பதிலுக்காகத்தான் மிகவும் காத்திருக்கிறேன்.